பழக்கமா, பாவமா? தஞ்சாவூர் தேவாலயத்தில் ஒரு பழைய சண்டை

சில வருடங்களுக்கு முன் அலுவலக நண்பன் ஒருவனோடு தஞ்சாவூர் போயிருந்தேன். ஊர் சுற்றப் போகவில்லை. அவனுடைய காதல் விஷயத்தை அப்பாவிடம் பேச வேண்டும், துணைக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. பெண்ணும் கிறிஸ்தவள்தான். அதே சபை, அதே ஜெபம், அதே பாட்டுப் புத்தகம். சாதி மட்டும் வேறு. பெண்ணின் பாட்டி காலம்வரை அந்தக் குடும்பம் சேரியில் இருந்தது.

நண்பனின் அப்பா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். கத்துவார் என்று எதிர்பார்த்துப் போனோம். அவர் காபி கொடுத்தார். முழுவதும் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்: "தம்பி, பைபிள்ல ஜாதி கிடையாது. ஞாயிறு பள்ளியில அத நானே பசங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கேன். ஆனா இது மதம் இல்ல. பழக்கம். நம்ம கல்ச்சர். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது."

எனக்கு பதில் தெரியவில்லை. நான் ப்ரோக்ராமர். இரண்டு விஷயங்களைத் தனித்தனி மாட்யூலாகப் பிரித்து, நடுவில் சுத்தமாக ஒரு கோடு போட்டு வைத்திருக்கும் மனிதரைப் பார்த்தால் முதலில் மரியாதைதான் வருகிறது. தவிர, கிறிஸ்தவனல்லாத என் வீட்டிலும் இதே பேச்சு உண்டு. அங்கே அதற்குப் பெயர் குல வழக்கம்.

மறுநாள் காலை நண்பன் என்னை சிவகங்கைக் குளத்தின் அருகில் இருக்கும் சுவார்ட்ஸ் தேவாலயத்துக்குக் கூட்டிப் போனான். உள்ளே ஒரு வெள்ளைப் பளிங்குச் சிற்பம். மரணப் படுக்கையில் மிஷனரி சுவார்ட்ஸ். பக்கத்தில் நின்று அவர் கையைப் பற்றியிருப்பவர் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி. மன்னரே லண்டன் சிற்பி ஜான் ஃப்ளாக்ஸ்மனிடம் சொல்லிச் செய்வித்தது. இந்து மன்னர், ஜெர்மன் குரு, ஆங்கிலேயச் சிற்பி என்று எல்லோரும் ஒரே கல்லுக்குள் சமாதானமாக இருக்கிறார்கள். ஆனால் அப்பா முந்தின நாள் சொன்ன அந்த வாக்கியத்துக்காக இதே தஞ்சாவூரில் கிறிஸ்தவர்கள் பல வருடம் ஒருவரோடு ஒருவர் மோதியிருக்கிறார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஊர் திரும்பிய பிறகுதான் தேடிப் படித்தேன்.

*

கதை தரங்கம்பாடியில் தொடங்குகிறது. 1706 ஜூலையில் சீகன்பால்குவும் புளூட்சாவும் அங்கே வந்து இறங்கினார்கள். ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்தில் ஊறியவர்கள். சடங்கைவிட மனமாற்றம் முக்கியம், ஒவ்வொருவரும் தன் தாய்மொழியில் வேதத்தை வாசிக்க வேண்டும், விசுவாசம் வாழ்க்கையில் தெரிய வேண்டும் என்பது அந்த இயக்கம். இன்று இவாஞ்சலிக்கல் என்று உலகம் முழுக்க அறியப்படும் மரபின் வேர்களில் ஒன்று அது.

மனமாற்றம் சரி. மனம் மாறியவர்கள் எங்கே உட்காருவது? சீகன்பால்கு 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் இன்றும் தரங்கம்பாடியில் இருக்கிறது. சிலுவை வடிவக் கட்டடம். ஆனால் இந்த மிஷன் வளர்த்த சபைகளில் வேளாளர்கள் ஒரு பக்கமும், அன்றைய ஆவணங்கள் பறையர் என்று குறிப்பிடுபவர்கள் இன்னொரு பக்கமும் உட்கார்ந்தார்கள். திருவிருந்தின்போது திராட்சரசக் கிண்ணம் முதலில் வேளாளர்களிடம் போகும். கடைசியில் மற்றவர்களிடம்.

மிஷனரிகளுக்கு இது உறுத்தவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். சாதியை இரண்டாகப் பிரித்தார்கள். சிலைவழிபாட்டோடு தொடர்புள்ள பகுதி மதம், அதை விட வேண்டும். எங்கே உட்காருவது, யாரோடு சாப்பிடுவது, யாரைக் கல்யாணம் செய்வது என்பதெல்லாம் சமூக வழக்கம், ஐரோப்பாவில் பிரபுவும் குடியானவனும் இருப்பதைப்போல. காலப்போக்கில் சுவிசேஷத்தின் வெளிச்சத்தில் தானாகக் கரைந்துவிடும்.

இதன் விலை யார் தலையில் விழுந்தது என்பதற்கு ஒரு பெயர் சாட்சி. ராஜநாயக்கன். தஞ்சைப் படையில் சிப்பாயாக இருந்தவர். தமிழ்ப் புதிய ஏற்பாட்டைப் படித்து லுத்தரன் சபைக்கு வந்து, தஞ்சைப் பகுதியில் உபதேசியாராக உழைத்தவர். பிறப்பால் பறையர். 1733இல் முதன்முதலாக ஓர் இந்தியரைக் குருவாக்க மிஷன் முடிவு செய்தபோது அவர் பெயரும் பரிசீலனையில் இருந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர் கடலூர் வேளாளரான ஆரோன். ராஜநாயக்கனை ஏன் விட்டார்கள்? அவர் கையிலிருந்து திருவிருந்து வாங்க வேளாளக் கிறிஸ்தவர்கள் கூசுவார்கள் என்று மிஷனரிகளே எழுதி வைத்திருக்கிறார்கள். அவருடைய திறமையையோ பக்தியையோ யாரும் குறை சொல்லவில்லை. கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார்.

"காலப்போக்கில் கரையும்" என்பது ஒரு நூற்றாண்டு நீடித்தது. கரையவில்லை.

*

சண்டை வெடித்தது 1820களில். எதிர்ப்பின் முகமாக நின்றவர் வில்லனாக எழுதிவிட முடியாத ஒருவர்: வேதநாயக சாஸ்திரியார். இந்தக் கதையில் எனக்கு மிகவும் சங்கடம் கொடுப்பவரும் அவர்தான்.

1774இல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது சுவார்ட்ஸ் தஞ்சாவூருக்கு அழைத்துவந்து படிக்க வைத்தார். சரபோஜியும் சுவார்ட்ஸின் மாணவர், அதனால் மன்னரும் கவிஞரும் ஏறக்குறைய ஒரே நிழலில் வளர்ந்தவர்கள். குறத்தி குறி சொல்லும் குறவஞ்சி வடிவத்தை எடுத்து சாஸ்திரியார் 'பெத்தலகேம் குறவஞ்சி' எழுதினார். அவருடைய கீர்த்தனைகளைத் தமிழ்நாட்டு புராட்டஸ்டன்ட் சபைகள் இன்றும் பாடுகின்றன. கிறிஸ்தவனாவதற்கு ஐரோப்பியனாக வேண்டியதில்லை, கர்நாடக ராகத்திலும் குறத்தி வாயிலும் கிறிஸ்துவைப் பாடலாம் என்று செய்து காட்டியவர். அதே சமயம் மன்னர் இந்துக் கடவுளைப் பாடச் சொன்னபோது மறுத்துவிட்டார் என்று ஒரு கதை கிறிஸ்தவக் குடும்பங்களில் சொல்லப்படுகிறது. வடிவம் நம்முடையது, தெய்வம் வேறு. அவருடைய கோடு அவ்வளவு தெளிவு.

பழைய ஹாலே மிஷனரிகளின் இடத்துக்கு ஒரு புதிய தலைமுறை வந்தபோது அந்தக் கோடு இடிபடத் தொடங்கியது. 1829இல் சாஸ்திரியார் தன் தரப்பை விரிவாக எழுதினார். புதிய மிஷனரிகள் செய்யும் கொடுமைகள் என்று நான்கைப் பட்டியலிட்டார். ஒன்று, ஃபெப்ரீஷியஸ் மொழிபெயர்த்த அருமையான தமிழ் வேதாகமத்தைத் தள்ளிவிட்டு ரேனியஸ் செய்யும் புது மொழிபெயர்ப்பைத் திணிப்பது. இரண்டு, சபையில் சாதிகளைக் கலக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவது. மூன்று, பண்டிகையிலும் கல்யாணத்திலும் சாவிலும் பூ கூடாது என்று தடுப்பது. நான்கு, ஆலயத்தில் தமிழ்ப் பாட்டையும் இசையையும் நிறுத்துவது.

இந்தப் பட்டியலை முதல்முறை படித்தபோது எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு வந்தேன். முதலாவது, மூன்றாவது, நான்காவது மூன்றிலும் நான் சாஸ்திரியார் கட்சி. அந்நிய நாட்டிலிருந்து வந்தவன் நம் ஊர்ச் சாவு வீட்டில் பூ போடாதே என்று சொல்ல யார்? நம் பாட்டை நிறுத்த யார்? இன்று எந்தப் பல்கலைக்கழகக் கருத்தரங்கிலும் இதைக் காலனிய எதிர்ப்பு ஆவணமாக வாசித்துக் கைதட்டு வாங்கலாம். இரண்டாவது வரியை மட்டும் சத்தமில்லாமல் தாண்டிப் போக வேண்டியிருக்கும்.

அவர் அதைத் தாண்டவில்லை. நான்கும் அவருக்கு ஒன்று. பூவும் பாட்டும் பழைய மொழிபெயர்ப்பும் சேரிக்காரர் தள்ளி உட்காருவதும் சேர்ந்துதான் அவர் அறிந்த தமிழ்க் கிறிஸ்தவ வாழ்க்கை. ஒன்றை உருவினால் மற்றவையும் சரியும் என்று உண்மையாகவே நினைத்தார். இந்தப் போராட்டத்தில் அவருக்கு மிஷன் வேலை போனது. சரபோஜி தன் அவையில் இடம் கொடுத்தார்.

*

எதிர்ப்பக்கம் நின்ற டேனியல் வில்சனும் சாதாரண ஆள் இல்லை. லண்டன் பட்டு வியாபாரக் குடும்பத்தில் 1778இல் பிறந்தவர். அடிமைக் கப்பல் கேப்டனாக இருந்து பிறகு போதகரான ஜான் நியூட்டனிடம் இளம் வயதில் ஆலோசனை கேட்டவர். அடிமை வியாபாரத்தை எதிர்த்து நாடாளுமன்றத்தில் போராடிய வில்பர்ஃபோர்ஸின் வட்டத்துக்கு நெருக்கமானவர். 1832இல் கல்கத்தா பிஷப்பாக வந்தார். அன்று சென்னைக்குத் தனி பிஷப் கிடையாது, தஞ்சாவூரும் அவர் அதிகாரத்துக்குள்தான்.

அவருக்கு முன்பிருந்த பிஷப்புகளில் ஒருவரான ஹீபர், 1826இல் ஈஸ்டரைத் தஞ்சாவூரில் கொண்டாடினார். அடுத்த வாரமே திருச்சிராப்பள்ளியில் இறந்துபோனார். சாதி விஷயத்தில் அவசரம் வேண்டாம், விசாரித்துப் பார்ப்போம் என்ற மனநிலை அவருக்கு. வில்சனுக்கு அந்தப் பொறுமை இல்லை. 1833 ஜூலை 5 தேதியிட்டு மிஷனரிகளுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். சாதி வேறுபாட்டைச் சபை உடனே, முழுமையாகக் கைவிட வேண்டும். திருவிருந்தில் எல்லோரும் கலந்து வர வேண்டும். ஏழை, பணக்காரன் என்ற தகுதி வேறுபாடு எந்த நாட்டிலும் உண்டு, அது வேறு. பிறப்பாலேயே ஒருவனைத் தீட்டு என்று ஒதுக்குவதை வெறும் சமூக வழக்கம் என்று ஏற்க முடியாது. சாரம் இதுதான்.

தேதியைக் கவனியுங்கள். அதே ஜூலை 29 அன்று வில்பர்ஃபோர்ஸ் இறந்தார். ஆகஸ்ட் 28 அன்று பிரிட்டிஷ் காலனிகளில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் ஒப்புதல் பெற்றது. வில்சன் தன் கடிதத்தை அந்தப் போராட்டத்தின் இன்னொரு கிளையாக நினைத்திருந்தால் ஆச்சரியமில்லை.

கடிதம் வாசிக்கப்பட்டதும் சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் வேளாளக் கிறிஸ்தவர்கள் பெருவாரியாக ஆலயத்தை விட்டு வெளியேறினார்கள். 1835 தொடக்கத்தில் வில்சன் நேரில் வந்தார். தஞ்சாவூரில் வாதாடினார், கெஞ்சினார், பிரசங்கித்தார். திருச்சிராப்பள்ளியில் வேளாளர், பறையர், ஐரோப்பியர் எல்லோரையும் கலந்து வரவைத்துத் திருவிருந்து கொடுத்தார். சிலர் திரும்பினார்கள். பலர் திரும்பவில்லை.

வில்சனைக் கொண்டாடிவிட்டுக் கட்டுரையை இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் அந்த 1833 சட்டத்தில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பகுதிகளுக்கு அது பொருந்தாது. அதாவது மேற்கிந்தியத் தீவின் கரும்புத் தோட்டத்து அடிமைக்கு விடுதலைத் தேதி குறித்தாகிவிட்டது, தஞ்சாவூர் வயலில் மிராசுதாருக்குக் கட்டுப்பட்டுக் கிடந்த பண்ணையாளுக்கு இல்லை. இங்கே அடிமைத்தனத்தின் சட்ட அங்கீகாரத்தை நீக்கிய ஐந்தாம் சட்டம் வந்தது 1843இல். அதற்குப் பிறகும் வயலில் பெரிதாக எதுவும் மாறிவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரே கிண்ணத்தில் குடித்தவன் திங்கட்கிழமை யார் வயலுக்குப் போனான் என்பது பிஷப்பின் கடிதம் தொடாத கேள்வி.

*

அடுத்த திருப்பம் இன்னும் விசித்திரம். 1840களில் ஜெர்மனியிலிருந்து புதிய லுத்தரன் மிஷன் தரங்கம்பாடிக்கு வந்தது. பிற்பாடு லைப்ஸிக் மிஷன் என்று அறியப்பட்டது. ஆங்கிலிக்கன் சபையோடு மனம் கசந்த வேளாளக் கிறிஸ்தவர்கள் பலர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். 1850இல் சென்னை மிஷனரி மாநாடு ஒரு நிலைப்பாடு எடுத்தது: எந்தச் சாதியில் பிறந்த கிறிஸ்தவரோடும் உட்கார்ந்து சாப்பிடத் தயாராக இல்லாதவரைச் சபையில் சேர்க்க வேண்டாம். லைப்ஸிக் மிஷன் இதை ஏற்கவில்லை.

அந்த மிஷனின் இயக்குநர் கார்ல் கிரவுல். தமிழ் வாசகர்கள் அவருக்குக் கடன்பட்டவர்கள். 1856இல் திருக்குறளை ஜெர்மனுக்குக் கொண்டுபோனவர், பிறகு லத்தீனுக்கும். தமிழின் மேல் அவ்வளவு காதல். அவர் சொன்னார்: சாதி மக்களின் சமூக அமைப்பு, வெளியிலிருந்து வந்து அதை உடைப்பது நம் வேலை இல்லை, சுவிசேஷம் உள்ளிருந்து மெல்ல மாற்றட்டும்.

நம் பண்பாட்டை மதித்தவர் சாதியைப் பொறுத்துக்கொண்டார். தமிழே தெரியாத பிஷப் அதை எதிர்த்தார். இதிலிருந்து 'பண்பாட்டை நேசித்தால் சாதியையும் ஏற்கத்தான் வேண்டும்' என்று ஒரு முடிவுக்கு வரத் தோன்றும். வர வேண்டாம். குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன ஜி.யு. போப் 1850களில் தஞ்சாவூரில்தான் இருந்தார். லைப்ஸிக் மிஷனின் இந்தச் சமரசத்தை எதிர்த்து எழுதினார். ஆக, குறளில் தோய்ந்த இரண்டு பேர் சாதி விஷயத்தில் எதிரெதிர்ப் பக்கம். சிக்கல் தமிழில் இல்லை. கோட்டை எங்கே போடுகிறோம் என்பதில் இருக்கிறது.

இதில் பைபிளும் யாரையும் எளிதாகத் தப்பவிடவில்லை. இரண்டு வாசிப்புக்கும் பவுலிடமே இடம் இருக்கிறது. கொரிந்தியருக்கு எழுதும்போது பலவீனமான மனசாட்சி உள்ளவனைப் பொறுத்துப் போங்கள் என்கிறார். கலாத்தியருக்கு எழுதும்போது, அந்தியோகியாவில் யூதரல்லாதவர்களோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, யூதர்கள் சிலர் வந்ததும் பந்தியிலிருந்து விலகிப் போனதையும், தான் முகத்துக்கு நேரே அவரைக் கண்டித்ததையும் சொல்கிறார். முதலாவதைப் பிடித்துக்கொண்டால் கிரவுல், இரண்டாவதைப் பிடித்துக்கொண்டால் வில்சன். ஆனால் ஒரு சிறிய கேள்வி. இங்கே 'பலவீனமானவன்' யார்? மிஷனரிகளின் பார்வையில் அது கூசிப்போகும் வேளாளர். ராஜநாயக்கனின் மனசாட்சி புண்படுமா என்று யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

*

இதெல்லாம் பழைய கதை என்று தள்ளிவிட முடியாததற்கு ஒரு வழக்கு காரணம். 1950இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956இல் சீக்கியர்கள் சேர்க்கப்பட்டார்கள், 1990இல் பௌத்தர்கள். கிறிஸ்தவர்கள் இல்லை. சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த சூசை என்பவர் கிறிஸ்தவர். பட்டியல் சாதித் தொழிலாளர்களுக்கு அரசு கொடுத்த இலவச பங்க் கடை அவருக்குக் கிடைக்கவில்லை. உச்ச நீதிமன்றம்வரை போனார். 1985இல் தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்பது மட்டும் போதாது, புதிய மதச் சமூகத்திலும் அதே கடுமையோடு ஒடுக்குமுறை தொடர்கிறது என்று காட்ட வேண்டும், அதற்கான ஆதாரம் இல்லை என்று சொல்லி மனுவைத் தள்ளியது. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர்கள் இன்றும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் இருக்கிறார்கள். இந்தக் கேள்வியை மறுபடி ஆராய 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது.

இந்த முரணைக் கொஞ்சம் நின்று பாருங்கள். 'கிறிஸ்தவத்தில் சாதி இல்லை' என்பது வில்சனின் கொள்கை, அவருடைய வாயில் அது ஒரு கட்டளை. அரசாங்கக் கோப்பில் அதே வாக்கியம் ஒரு தகவலாக மாறி, தலித் கிறிஸ்தவரின் உரிமையை மறுக்கும் காரணமாகிவிடுகிறது. இன்னொரு பக்கம், கல்யாணப் பேச்சில் 'அது மதம் இல்ல, பழக்கம்' என்பது லைப்ஸிக் மிஷனின் கொள்கை. நம் ஊரில் இரண்டும் ஒரே சமயத்தில் அமலில் இருக்கின்றன. சலுகை கேட்டால் உங்களுக்கு சாதி இல்லை. பெண் கேட்டால் உங்களுக்கு சாதி இருக்கிறது. சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தின் நடுவில் இன்னும் சுவர் நிற்கிறது.

பழக்கம் எது, பாவம் எது என்று கோடு போடுவது தவறில்லை. போடாமல் வாழ முடியாது. பூவும் பாட்டும் பழக்கம்தான், சாஸ்திரியார் சொன்னது சரி. ஆனால் ஆலயத்தில் பூ வைப்பதால் யாருடைய இடமும் கடைசி வரிசைக்குப் போகவில்லை. இருக்கை அப்படி இல்லை. ஒரு பழக்கத்துக்கு யாரோ ஒருவர் தன் மானத்தை விலையாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்றால், அதைப் பழக்கம் என்று வகைப்படுத்தும் உரிமை அதை அனுபவிப்பவருக்கு இருக்க முடியாது. நூற்றைம்பது வருடச் சண்டையில் மிஷனரிகள் பேசினார்கள், பிஷப்புகள் பேசினார்கள், வேளாளக் கவிஞர் பேசினார். தள்ளி உட்கார்ந்தவர்களின் குரல் நான் படித்தவற்றில் ஏறக்குறைய இல்லை.

நண்பனும் அந்தப் பெண்ணும் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். அவன் அப்பா வரவில்லை. ஒன்றரை வருடம் கழித்து, குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு வந்தார். பின்வரிசையில் உட்கார்ந்து சாஸ்திரியார் கீர்த்தனையை மனப்பாடமாக, கண்ணை மூடிக்கொண்டு பாடினார். நல்ல குரல். வீட்டுக்கு வந்து எல்லோரோடும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். மனம் மாறிவிட்டாரா, பேத்திக்காகப் பொறுத்துக்கொண்டாரா, தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

அன்று மாலை நான் படித்ததையெல்லாம் அந்தப் பெண்ணிடம் ஆர்வமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். 1733, 1829, 1833. குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே முழுவதும் கேட்டாள். பிறகு சொன்னாள்: "அண்ணா, அன்னிக்கு நீங்க மூணு பேரும் உக்காந்து பேசினீங்கல்ல, அது மதமா கல்ச்சரான்னு? எனக்கு அப்பவே போன் போட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

எனக்கு அது தோன்றவே இல்லை.